சரிந்த கோடும் ஒரு சிரட்டையும்

கொடகவெலப் பக்கத்து றப்பர் தோட்டங்களில் வெயில் ஏறுமுன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். படம் பிடிக்கப் பழகுபவர் கண்ணைத் தீட்டிக்கொள்ள அந்த நேரமே நல்லது. ஒளி தாழ்வாக, பக்கவாட்டில் வந்து மரப்பட்டையின் சொரசொரப்பைத் துலக்கிக் காட்டும்.

பட்டையில் வெட்டு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்குகிறது. அதன் வழியே பால் ஓடி, பீலியில் சொட்டி, சிரட்டையில் விழுகிறது. நம் கண்ணும் அதே வழியில்தான் போகும். சிரட்டையைப் படத்தின் நட்டநடுவில் வைக்காமல் கீழ்மூலைப் பக்கம் தள்ளுங்கள். கோடு ஓட இடம் கிடைக்கும். கைபேசிக் கமராவில் திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கும் கோடுகள் இதற்குத்தான். ஓரடி நகர்ந்து நின்றால், பின்னால் துருத்தும் தண்ணீர்க் குழாய் மரத்தின் மறைவில் போய்விடும். வரிசை மரங்கள் மட்டும் ஆழம் காட்டி நிற்கும்.

வேண்டாததை விலக்குவதில்தான் பாதிக் கலை இருக்கிறது. இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) அதில் கைதேர்ந்தவர். சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர். 1934இல் வந்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தில் ஒலிப்பது அவர் குரல். இந்த நாட்டின் அன்றாட மனிதரையும் மரங்களையும் கறுப்பு வெள்ளையில் புதிதாகக் காட்டினார்.

விலை உயர்ந்த கமராவுக்காகக் காத்திருக்க வேண்டாம். கையிலிருக்கும் போனே போதும். பால் வெட்டும் அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததை அவருக்கும் காட்டுங்கள்.