நீலச் சாடியில் மனிதனும் மலையும்

கலங்களின்மீது தீட்டிய ஓவியத்தை வெறும் அலங்காரமெனத் தள்ளுதல் திறனாய்வாளர் சிலரது வழக்கம். சீனத்து நீல வெண் பீங்கான் சாடிகளுள் இருவகையை ஒப்புநோக்கின், அக்கருத்து நில்லாமை புலனாகும்.

14ஆம் நூற்றாண்டிலே, யுவான் ஆட்சியில், சிங்தெசன் சூளையிற் பிறந்து, 2005இல் இலண்டனில் ஏலத்தில் விற்கப்பட்ட சாடி முன்னதற்குச் சான்று. தம் மாணாக்கன் சுன் பின்னை மீட்கும்பொருட்டு, புலியும் சிறுத்தையும் இழுக்கும் வண்டியிலமர்ந்து குயிகூசி முனிவர் மலையினின்றும் இறங்குகின்றார். ஈண்டு மாந்தர் உருவமே பெரிது. பாறையும் மரமும் கதைக்குத் துணைநிற்பன. கழுத்தில் அலையும் அடியில் இதழ்வரிசையுமாகிய பட்டிகள் ஓவியத்துக்கு எல்லை வகுக்கின்றன.

1620இல் வான்லிப் பேரரசர் இறந்தபின் அரண்மனைக் கட்டளைகள் அருகின. கற்றோரும் வணிகரும் புரவலராயினர். அவர்க்கென எழுந்த சாடிகள் பலவற்றில் பட்டிகள் ஒடுங்க, மலை ஓங்க, மனிதன் அதனிடையே சிற்றுருவாகின்றான். தீட்டாது விட்ட வெண்மையே மூடுபனியும் நீருமாகின்றது. சாடியைச் சுற்றிவந்தாலன்றிக் காட்சி முற்றுப்பெறாது. காண்போனும் அம்மலைவழியில் நடப்போனாகின்றான்.

சுடாத களிமண் கோபால்ட் நீலத்தை உடனே உறிஞ்சுமாதலின், பிழைத்த கோட்டைத் திருத்துதல் அரிது. இத்துணைத் துணிவோடு தீட்டிய கையை அலங்காரக் கையென இகழ்தல் தகுமோ? கதைச்சுவையில் முன்னது சிறப்பினும், கலத்தின் வளைவையே ஓவியத்தின் உயிராக்கிய பின்னதே உயர்ந்ததென்பது எமது துணிபு.