இசைத்தட்டும் பாடபேதமும்

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங் கண்டு பதிப்பிக்கும் மரபை வளர்த்தோருள் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை முதன்மையானவர். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய அவருடைய உழைப்பை நாம் போற்றுகின்றோம். எழுத்துக்கு அளித்த அம்மதிப்பை ஒலிக்கு அளித்தோமா என்பதே ஈண்டு எழும் வினா. ஒரே பாடலின் வெவ்வேறு இசைத்தட்டுப் பதிப்புகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிடுவது செல்வரின் பொழுதுபோக்கு எனக் கருதப்படுகின்றது. அஃது ஒலியுலகின் பாடபேத ஆய்வு என்பதே எமது துணிபு.

நாடகமேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவைச் சான்றாகக் கொள்ளலாம். 1933இல் தமது 27ஆம் வயதில் மறைந்த அவர் பேசும்படம் எதிலும் தோன்றவில்லை. அவரது குரலை இன்று நாம் அறிவது அக்கால அரக்குத்தட்டுகள் வாயிலாகவே. அவை நிமிடத்திற்கு 78 சுற்று என்று பொதுவாகக் கூறப்படினும், பழைய ஒலிப்பதிவுகளின் வேகம் எப்போதும் ஒன்றாயிருந்ததில்லை. 78இல் ஓடவேண்டிய தட்டு ஏறக்குறைய 82½ சுற்றில் ஓடினால் சுருதி அரைக்கட்டை உயர்ந்துவிடும். அவ்வாறாயின், கிட்டப்பாவின் உச்சக்குரலை வியக்கும் விமர்சகர் குரலை வியக்கின்றாரா, பொறியின் வேகத்தை வியக்கின்றாரா? பதிப்புகளை ஒப்பிடாமல் இதற்கு விடை கூறல் இயலாது.

எனினும், சேகரிப்போரிடையே நிலவும் 'முதற்பதிப்பே சிறந்தது' என்னும் கொள்கையை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. உலோக அச்சிலிருந்து தட்டுகள் அழுத்தி எடுக்கப்படுகின்றன. அச்சுத் தேயத் தேய ஒலியின் நுட்பம் குன்றும். ஆகவே, தேய்ந்த அச்சில் வந்த முற்பட்ட தட்டைவிடப் புதிய அச்சில் வந்த பிற்பட்ட தட்டுத் தெளிவாயிருத்தல் கூடும். மறுபுறம், நெடுநேர இசைத்தட்டில் பழம்பாடல்களை மறுபதிப்புச் செய்தோர் இரைச்சலை நீக்கப் புகுந்து குரலின் ஒளியையும் நீக்கியதுண்டு. தொன்மையோ விலையோ அன்று, கேள்வியே இங்கு அளவுகோலாதல் வேண்டும்.

தீவகத்தைப் பொறுத்தவரை இவ்வாய்வு காலத்தோடு செய்யும் போட்டியாகும். கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் வணிகஞ் செய்த தீவகத்தார் ஊருக்குக் கொணர்ந்த பொருள்களுள் கிராமபோனும் ஒன்று. உருக்கு ஊசி ஒவ்வொரு முறையும் தட்டின் வரியைத் தேய்த்தது. மிகுதியாக விரும்பப்பட்ட தட்டே மிகுதியாகச் சிதைந்தது. கடற்காற்றின் ஈரத்தால் அரக்கில் பூஞ்சணம் படர்ந்தது, சுருள்வில் துருவேறியது. 1990இல் ஊர்காவற்றுறை, வேலணைப் பகுதி மக்கள் போரினாற் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது, பாரமானவையும் எளிதில் நொறுங்குபவையுமான தட்டுகளை எத்தனைபேர் சுமந்திருப்பர்?

ஆயினும், ஓர் ஏட்டிற் செல்லரித்த வரி மற்றோர் ஏட்டில் எஞ்சியிருப்பது போல, ஒரு தட்டில் தேய்ந்த இடம் மற்றொரு தட்டில் தெளிவாயிருக்கும். எனவே, ஒரே பாடலின் இரண்டாம் பிரதி வீண்பிரதியன்று. சிதைந்ததென ஒதுக்கப்படும் பிரதியும் சான்றாகும்.

1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் தமிழாய்வை உலகரங்குக்கு எடுத்துச் சென்றார். அவர் பிறந்த மண்ணில் எஞ்சியுள்ள தட்டுகளின் பெயர்ச்சீட்டையும், அதனை அடுத்த வெற்றிடத்திற் பொறித்துள்ள எண்களையும் பட்டியலிடுவது மாணவராகிய எம்மால் இயலாத பணியன்று. இசை பற்றி நாம் எழுதும் விமர்சனம் எப்பிரதியைக் கேட்டு எழுதப்பட்டது என்பதைக் குறிப்பிடும் வழக்கமும் அதனுடன் தொடங்குதல் வேண்டும்.