நெஞ்சமும் தஞ்சமும்

பாட்டெழுதுகிறவர்களுக்குத் தமிழ் செய்து வைத்திருக்கும் உபகாரங்களில் ஒன்று 'நெஞ்சம்' என்ற சொல். அதைச் சொல்லி வாய் மூடுமுன் தஞ்சம், மஞ்சம், வஞ்சம், கொஞ்சம் என்று நாலைந்து பேர் வாசலில் வந்து நிற்பார்கள். கூப்பிடக்கூட வேண்டாம்.

காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. முதலெழுத்தும் அளவில் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'யாப்பருங்கலக்காரிகை'யை உரையோடு புரட்டியவர்களுக்கு இது தெரியும். 'நெஞ்ச'த்தில் இரண்டாவது எழுத்து 'ஞ்'. அதை அடுத்துப் பெரும்பாலும் சகரந்தான் வரும். ஆகவே எதுகை தேடிப் போனவனுக்குக் கடைசி ஓசை ஒன்றும் இயைபும் இனாமாகக் கிடைத்துவிடுகிறது. 'ஊஞ்ச'லும் 'காஞ்சி'யும் மட்டும் முதலெழுத்து நெடில் என்பதால் வெளியே நிற்கின்றன.

ஆனால் எதுகை ஓசையை மட்டும் கொண்டுவருவதில்லை. 'தஞ்சம்' வந்தால் யாராவது அடைக்கலம் கேட்க வேண்டும். 'மஞ்சம்' வந்தால் கட்டில் போட்டாக வேண்டும். 'வஞ்சம்' வந்தால் யாராவது துரோகம் செய்தே தீரவேண்டும். கதாநாயகியின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை அவள் தீர்மானிப்பதில்லை, எதுகை தீர்மானிக்கிறது. சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் பிறக்கிறது. அதன் அளவுக்குள் அடங்கும் சொற்கள் சில. அவற்றிலும் பழகியதுதான் முதலில் கைக்கு வரும். ஆகவே பழி முழுவதையும் கவிஞர்கள் தலையில் போட நான் தயாராக இல்லை.

போடுவதற்கு எனக்கு யோக்கியதையும் இல்லை. சில வருஷங்களுக்கு முன் என் நாவல் ஒன்றை நண்பர்கள் நாடகமாகப் போட்டார்கள். அதில் வருகிறவள் புருஷனை இழந்த பிறகு தெருக்கோடியில் இட்லி சுட்டு விற்று, இரண்டு பெண்களைக் கரையேற்றியவள். அவளுக்கு ஒரு பாட்டு வேண்டுமென்றார்கள். ஆர்மோனியக்காரர் மெட்டு வாசித்தார். நான் 'நெஞ்சம்' என்று ஆரம்பித்தேன். 'தஞ்சம்' தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அரைமணியில் பாட்டு முடிந்தது. ஒத்திகையில் எல்லோரும் கை தட்டினார்கள். என் தாயார் மட்டும் வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்:

"ஏண்டா, அவ எப்போ யார்கிட்டே தஞ்சம்னு போய் நின்னா?"

எனக்குப் பதில் இல்லை. முந்நூறு பக்கம் எழுதி நான் நிமிர்த்தி நிற்க வைத்திருந்த பெண்ணை, நாலெழுத்துச் சொல் ஒன்று கைகூப்ப வைத்துவிட்டது.

அன்றிரவு மறுபடி உட்கார்ந்தேன். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதுமே, 'அம்' என்று முடியவேண்டும் என்று எவன் சொன்னான்? இயைபை விட்டுக்கொடுத்தால் இடம் விசாலமாகிவிடுகிறது. பஞ்சு வரலாம், இஞ்சி வரலாம், பிஞ்சு வரலாம். நான் கஞ்சியைப் பிடித்துக்கொண்டேன். அவள் விற்றது இட்லி, குடித்தது கஞ்சி. இதை நாவலில்கூட நான் எழுதியிருக்கவில்லை. அந்தச் சொல் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மெட்டில் ஓரிடம் இடித்தது. ஆர்மோனியக்காரர் முகத்தைச் சுளித்தார். பிறகு சரிசெய்து கொடுத்தார். கைதட்டல் முன்னைவிடக் குறைவுதான். தாயார் ஒன்றும் சொல்லவில்லை; அவள் சொல்லாமலிருந்தால் சரி என்று அர்த்தம்.

எதுகையே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. கேட்கிற காது அதை எதிர்பார்க்கிறது. பல்லவியின் இரண்டாம் எழுத்தை அனுபல்லவியிலும் கேட்டுப் பழகிய காது அது. வாசலில் முதலில் வந்து நிற்கிற சொல்லைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, கொல்லைப்புறத்தையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் சொல்கிறேன்.