முகம் மறக்காத மனிதர்

ஓய்வுபெற்ற போலீஸ்காரர் தாத்தாவாக இருக்கும் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குத் திருடன் கதைக்குப் பஞ்சமே இருக்காது. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி மதுகர் ஜெண்டேயிடம் உள்ள கதையோ அசாத்தியமானது. 2025-இல் மனோஜ் பாஜ்பாய் நடிப்பில் அது படமாகவும் வந்துவிட்டது.

1986 மார்ச்சில், காவலர்களுக்கு மயக்க மருந்து கலந்த இனிப்பைக் கொடுத்துவிட்டுத் திகார் சிறையிலிருந்து தப்பினான் சார்லஸ் சோப்ராஜ். பல நாட்டுப் போலீஸ் தேடிய கொலைகாரன். அடுத்த மாதமே, ஏப்ரல் 6 அன்று, கோவாவில் போர்வோரிம் ஊரின் ஓ கொக்கேரோ உணவகத்தில் ஜெண்டே அவனைப் பிடித்தார். தலையில் தொப்பி, மாற்றிக்கொண்ட தோற்றம். ஆனாலும் அடையாளம் தப்பவில்லை. 1971-இலேயே பம்பாயில் அவனைக் கைது செய்தவர் அல்லவா! பதினைந்து ஆண்டுகள் ஒரு முகத்தை மனத்தில் பத்திரமாக வைத்திருந்த அந்த நினைவாற்றல்தான் எனக்குப் பெரிய வியப்பு. கணினியில் முகம் தேடும் வசதி இல்லாத காலம் அது. கண், பொறுமை, சந்தேகத்தை விடாத புத்தி, இவைதாம் கருவிகள்.

கைவசம் விலங்கு இல்லை. கிடைத்த கயிற்றால் கட்டி பம்பாய்க்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கயிற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. சினிமா போலீஸ் துப்பாக்கியை நீட்டும். இவர் பக்கத்து மேசையில் அமைதியாக உட்கார்ந்து, சரியான நொடிக்குக் காத்திருந்தார்.