சாகும் நாள் தெரிந்த பயணி: தமிழ் ஒலிநாடகமும் காலப்பயணமும்

சங்கர் பதினாறு வயதில் சாவான். அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாட உட்காரும் பாட்டுக்காரருக்கு இது தெரியும். எதிரே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் தெரியும், அவள் மடியில் படுத்திருக்கும் பேரனுக்கும் தெரியும். அவன் தாய் தாமரை நாச்சியார் தவமிருந்து பிள்ளை வரம் வாங்கும்போதே ஆயுள் பதினாறு என்று எழுதியாகிவிட்டது. ஆனாலும் கொங்கு நாட்டு ஊர்களில் இரவு இரவாக உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறார்கள். அண்ணன்மார் விழுந்து சாகும் படுகளம் பாடும் இரவில் கூட்டம் இன்னும் கூடும். முடிவு தெரிந்த கதையை ஏன் கேட்கிறோம் என்ற இந்தக் கேள்விதான் அறிவியல் புனைகதையில் காலப்பயணம் என்ற கிளைக்கும் உயிர்நாடி. காலப்பயணிக்கு எல்லா நாளும் திறந்து கிடக்கிறது, தான் சாகும் நாள் உட்பட. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அவன் என்ன செய்வான்?

இந்தக் கேள்வியை வைத்துக் காதுக்கென்றே எழுதிய நாடகங்கள் ஆங்கிலத்தில் உண்டு. தமிழில் அதற்கான குரல் இருக்கிறது, கதை இருக்கிறது, கேட்கும் பழக்கமும் இருக்கிறது. மூன்றும் தனித்தனியே கிடக்கின்றன. சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டியில் இருந்துகொண்டு இந்தத் துறையைப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்.

தமிழ் ஒலிநாடக வரலாற்றைச் சென்னை வானொலி நிலையம் தொடங்கிய 1938-இலிருந்து எழுதுவது வழக்கம். நான் உடுக்கையிலிருந்து தொடங்குவேன். முன்பாட்டுக்கு ஒருவர், பின்பாட்டுக்கு ஒருவர். திரை கிடையாது, வேடம் கிடையாது. அண்ணன் பொன்னரின் நிதானமும் தம்பி சங்கரின் அவசரமும் தங்கை அருக்காணியின் அழுகையும் ஒரே தொண்டையிலிருந்து வரும். காடு போய் அரண்மனை வந்துவிட்டது என்பதை உடுக்கையின் நடை சொல்லும். பாட்டு நின்று பேச்சு வரும், பேச்சும் நின்று உடுக்கை மட்டும் ஒலிக்கும். அந்த இடைவெளியில் கேட்பவர் தானே காட்சியைக் கட்டிக்கொள்வார். ஒலிநாடகத்தின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது என்றே சொல்வேன். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இந்தக் கதையைப் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிந்தார். அந்தப் பாடம் 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த அண்ணன்மார் சுவாமி கதையும் அச்சில் உண்டு. அச்சில் படிக்கும்போது கதை முழுதாகக் கிடைக்கிறது, ஆனால் மூச்சு வாங்கும் இடங்கள் கிடைப்பதில்லை.

படுகளக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தன் நேரம் வந்துவிட்டதென்று சங்கருக்குத் தெரிகிறது. பகைவன் கையால் சாகாமல் தன் வாளிலேயே விழுகிறான். தம்பியைக் கண்ட பொன்னரும் அப்படியே முடிகிறான். அண்ணன்மாரைத் தேடி அலைந்துவரும் அருக்காணி தெய்வத்தின் துணையால் அவர்களை எழுப்புகிறாள். அவர்கள் எழுகிறார்கள், தங்கையோடு பேசுகிறார்கள், தங்கள் காலம் முடிந்தது என்று சொல்லி மறுபடி சாய்கிறார்கள். சாவின் எல்லையைத் தாண்டிப் போனவளுக்குக் கிடைத்தது ஒரு பேச்சு, அவ்வளவுதான். அந்தப் பேச்சுக்காகத்தான் கூட்டம் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறது. திருவிழாக்களில் இந்த இடம் வரும்போது அருள் வந்து படுகளத்தில் விழுபவர்களும் அவர்களை எழுப்பும் சடங்கும் இன்றும் உண்டு. சாவைத் தடுக்க முடியாது, ஆனால் சாவுக்கு முன்னும் பின்னும் போய்ப் பேசிவிட்டு வரலாம் என்ற இந்த எண்ணத்தைவிட ஆழமான காலப்பயணக் கதைக்கரு எந்த மொழியிலும் எனக்குத் தெரிந்து இல்லை.

உடுக்கைப் பாட்டைத் தவிர எங்கள் சேலத்துக்கு இன்னொரு சொத்தும் இருக்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவைப் பார்க்காத சேலத்துக்காரர் இருக்க முடியாது. 'மந்திரி குமாரி'யையும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தையும் எல்லோரும் சொல்வார்கள். 1952-இல் அமெரிக்கர்களோடு கூட்டாக எடுத்த 'காடு' படத்தைச் சொல்பவர்கள் குறைவு. ராட் கேமரனும் சீசர் ரொமேரோவும் நடித்த படம் அது. காட்டு யானைகள் மிரண்டு ஓடுகின்றன. ஏன் என்று தேடிப் போனால், உலகத்திலிருந்து என்றோ அழிந்துபோன கம்பளி மயிர் யானைகள் அந்தக் காட்டில் உயிரோடு திரிகின்றன. வேறொரு காலம் இந்தக் காலத்துக்குள் நுழைந்துவிடும் கதையைச் சேலத்து நிறுவனம் அவ்வளவு முன்பே தொட்டுப் பார்த்திருக்கிறது. எம்.ஜி.ஆர். விண்வெளிக்குப் போன 'கலை அரசி' வந்தது அதற்குப் பதினோரு ஆண்டு கழித்து, 1963-இல்.

அந்தக் காலத்துப் படங்களை ஊர் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். வசன இசைத்தட்டுகள் ஒலிபெருக்கியில் ஓடின. வானொலியில் முழுப்படத்தின் ஒலியையும் ஒலிச்சித்திரம் என்று சுருக்கிப் போட்டார்கள். 1984-இல் வந்த 'விதி' படத்தின் வசனக் கேசட் டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் ஒலித்தது. நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாகச் சொன்னவர்களில் பலர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. படம் இல்லாத நாடகத்தைத் தமிழர் ஏற்கமாட்டார்கள் என்று இன்று யாராவது சொன்னால் அந்தக் கேசட்டை நினைவூட்டினால் போதும்.

வானொலி நாடகத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதை விரிவாக எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். திருச்சி நிலையம் 1939-இல் வந்தது, கோவை நிலையம் 1966-இல். ஊராட்சி வானொலிப் பெட்டியின் முன்னால் மாலையில் கூடிய தலைமுறை நாடகத்தை அங்குதான் பழகியது. சென்னையில் சுகி சுப்பிரமணியம் போன்றவர்கள் வானொலி நாடகத்தைத் தனிக்கலையாக வளர்த்தார்கள். இலங்கை வானொலியில் இலங்கையர்கோன் 'விதானையார் வீட்டில்' எழுதினார், சானா என்ற சண்முகநாதன் 'லண்டன் கந்தையா'வை நடத்தினார். பேச்சுத்தமிழ் ஒலிவாங்கிக்கு முன்னால் கூசாமல் நின்றது அங்கே. இலங்கையிலும் பி.பி.சி. தமிழோசையிலும் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம் 1954-இலேயே 'ஒலிபரப்புக் கலை' என்று ஒரு நூல் எழுதினார். குடும்பம், புராணம், சமூகச் சீர்திருத்தம், நகைச்சுவை எல்லாம் வானொலியில் செழித்தன. எதிர்காலம் மட்டும் அந்தப் பெட்டிக்குள் அரிதாகவே நுழைந்தது.

நுழைய வேண்டிய வாசல் திறந்துதான் இருந்தது. எழுபதுகளில் எழுத்தாளர் சுஜாதா 'கடவுள் வந்திருந்தார்' என்ற நாடகத்தை எழுதினார். சீனிவாசன் என்ற நடுத்தரக் குடும்பத்துக்காரர் வீட்டுக்கு எதிர்காலத்திலிருந்து ஜோ என்ற ஒருவன் வருகிறான். அவன் சீனிவாசனின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். வீட்டார் முதலில் அவருக்குப் பைத்தியம் என்கிறார்கள், பிறகு ஊர் அவரைச் சாமியாக்குகிறது. பூர்ணம் விஸ்வநாதன் அதை மேடையேற்றி நடித்தார். அவர் டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். 1947 ஆகஸ்ட் 15 அன்று விடுதலைச் செய்தியைத் தமிழில் சொன்ன குரல் அவருடையது. வானொலியில் பழகிய ஒரு குரல் காலப்பயணியோடு தமிழில் உரையாடியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஒரே நேரத்தில் பெருமையும் ஏக்கமும் வருகிறது. அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாத ஒருவனோடு பேசும் நாடகம் மேடையைவிட ஒலிக்குத்தான் பொருந்தும். ஒலியில் ஜோவைக் கேட்பவர்கள் எல்லோரும் சீனிவாசனின் பக்கம் உட்கார்ந்துவிடுவார்கள், அவரைப் பைத்தியம் என்று சொல்ல அவர்களால் முடியாது. சுஜாதாவும் பூர்ணமும் 2008-இல் சில மாத இடைவெளியில் இறந்தார்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் 'மீண்டும் ஜீனோ'வும் ஒரு தலைமுறைக்கு அறிவியல் புனைகதையில் ருசி ஏற்றின. முன்னது தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு இந்தத் துறையை நம் மரபு அறிவோடு இணைத்துப் பார்த்தது. ஆனால் நாடகம் என்ற வடிவில் 'கடவுள் வந்திருந்தார்' போட்ட பாதையில் கூட்டம் சேரவில்லை.

காலப்பயணத்தைச் சினிமா எடுத்துக்கொண்டது. 'இன்று நேற்று நாளை' (2015), '24' (2016), 'மாநாடு' (2021), 'கணம்' (2022), 'மார்க் ஆண்டனி' (2023). அத்தனையிலும் சாவு இருக்கிறது. முதல் படத்தில் செத்திருக்க வேண்டிய ஒரு ரௌடி காலம் குழம்பியதால் பிழைத்துக்கொள்கிறான். 'மாநாடு' நாயகன் செத்துச் செத்து அதே நாளுக்குத் திரும்புகிறான். விறுவிறுப்பில் குறையே இல்லை. ஆனால் இந்தப் படங்களில் பெரும்பாலும் சாவு என்பது சரிசெய்ய வேண்டிய ஒரு பிழை. தாயின் சாவைத் தடுக்கப் பின்னோக்கிப் போகும் மகனின் கதையான 'கணம்' மட்டும் அருக்காணியின் பக்கம் வருகிறது. போனவனுக்குக் கிடைப்பது அம்மாவோடு கொஞ்ச நேரம். 'மார்க் ஆண்டனி'யில் இறந்த காலத்தோடு பேசும் தொலைபேசி என்று ஒரு அருமையான கரு இருக்கிறது. அங்கே காலத்தைத் தாண்டுவது குரல் மட்டும். அதைத் துப்பாக்கிச் சத்தம் மூழ்கடித்துவிட்டது.

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். பி.பி.சி. 1963 நவம்பரில் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரில் காலப்பயணியான டாக்டர் சாகும் தறுவாயில் புதிய உடலும் புதிய முகமும் பெறுவார். நடிகர் மாறுவதற்கான ஏற்பாடு அது. ஆறாவது டாக்டராக நடித்த காலின் பேக்கரை 1986-இல் நீக்கினார்கள். மனம் புண்பட்ட அவர் அடுத்த ஆண்டு சாவுக் காட்சியில் நடிக்க வர மறுத்துவிட்டார். அடுத்த நடிகரே தலையில் பொய்முடி வைத்துப் படுத்து அந்தக் காட்சியை ஒப்பேற்றினார். ஒரு நாயகன் காரணம் இல்லாமல், கடைசிச் சொல் இல்லாமல் போனான். பிக் ஃபினிஷ் என்ற நிறுவனம் 1999 முதல் டாக்டர் ஹூ கதைகளை ஒலிநாடகமாக வெளியிடுகிறது. அது 2015-இல் நான்கு நாடகங்கள் கொண்ட 'தி லாஸ்ட் அட்வென்ச்சர்' தொகுப்பைக் கொண்டுவந்தது. எழுபது வயது தாண்டிய காலின் பேக்கர் ஒலிவாங்கி முன் நின்று, இருபத்தெட்டு ஆண்டுக்கு முன் நடிக்காத சாவை நடித்தார். எதிரி வேலியார்ட், டாக்டரின் சொந்த இருட்டிலிருந்து பிறந்தவன். அவனை வெல்ல ஒரே வழி தான் சாவது என்று தெரிந்து, டாக்டர் அந்தச் சாவை நோக்கித் தானே தன் காலப்பயண வண்டியைத் திருப்புகிறார். பகைவன் கையில் சாகாமல் தன் வாளில் விழுந்த சங்கரை நினைக்காமல் என்னால் இந்த இடத்தைக் கேட்க முடியவில்லை. முகம் கிழடாகிவிட்ட நடிகருக்குக் குரல் பழைய வயதைத் திருப்பிக் கொடுத்தது. இதைத் திரையில் செய்ய முடியாது, ஒலியில் முடிந்தது.

ஒலிக்கு வேறு பலங்களும் உண்டு. ஆண்டு மாறியதைச் சொல்ல அதற்கு எழுத்து வேண்டாம், ஒரு சத்தம் போதும். பனமரத்துப்பட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1911-இல் சேலத்தின் குடிநீருக்காகக் கட்டிய ஏரி இங்கே இருக்கிறது. ஏரி நிறைந்த காலத்தில் அலையும் நீர்ப்பறவையும் கேட்கும். சீமைக்கருவேல் மண்டிய காலத்தில் காற்றில் காய்ந்த நெற்று உரசும். சேலத்துப் பக்கம் குழித்தறியின் சத்தம் ஒரு காலம், விசைத்தறியின் இரைச்சல் இன்னொரு காலம். ஊராட்சிப் பெட்டியில் வானொலியின் தொடக்க இசை வந்தால் மாலை, பழைய காலத்து மாலை. இந்தப் பகுதியின் அரளித் தோட்டங்களில் விடியும் முன்னே மொட்டுப் பறிப்பவர்களின் பேச்சு எந்தக் காலத்துக்கும் பொது. அந்தப் பூ கோயிலுக்கும் போகும், பாடைக்கும் போகும். சாகும் நாள் தெரிந்த ஒருத்தி இந்த ஏரிக்கரையில் நூறு ஆண்டுகளை முன்னும் பின்னும் நடந்து கடக்கிறாள் என்று வைத்துக்கொண்டால், நாடகத்தின் பாதி ஏற்கெனவே ஊரில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

செய்யும் வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. பாம்பே கண்ணன் பல குரல்களை வைத்துப் 'பொன்னியின் செல்வன்' முழுவதையும் ஒலிநூலாக்கிக் காட்டினார். பேருந்தில், தறிமேடையில், சமையலறையில் காதில் மாட்டிக்கொண்டு கதை கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் நமது ஒலிநூல்கள் அச்சில் வெற்றிபெற்ற கதைகளையே திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. காதுக்கென்று புதிதாக எழுதுபவர்களுக்கு இடம் வேண்டும், கூலியும் வேண்டும். வானொலி நிலையங்கள் அறிவியல் நாடகத்துக்கு ஆண்டுக்கு ஒரு போட்டியாவது வைக்கலாம். சேலத்துக் கல்லூரிகளின் தமிழ்த் துறையும் இயற்பியல் துறையும் சேர்ந்து ஒரு நாடகம் எழுதிப் பார்க்கலாம். 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தை நல்ல குரல்களோடு ஒலிவடிவில் கொண்டுவருவது அவர்களுக்கு நல்ல தொடக்கமாக இருக்கும்.

அதற்கும் முன்னால் ஒன்று. உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடும் பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதாகிறது. ஒலிப்பதிவுக் கருவி வைத்திருக்கும் இளைஞர்கள் அவர்களிடம் போக வேண்டும். உரிய மரியாதையும் சன்மானமும் கொடுத்து, படுகளம் பாடும் இரவை வெட்டாமல், கேட்பவர்களின் சத்தத்தோடு முழுதாகப் பதிய வேண்டும். இந்த ஆண்டே செய்யுங்கள்.