கைபடாத காரின் விலை

அமெரிக்க மசில் கார் ஒன்றைப் புதுப்பிக்காமல் அப்படியே விற்கும்போது நியாயமான விலை சொல்வது தனிக் கலை. 1964இல் பான்டியாக் ஜிடிஓ வந்தது முதல் 1970களின் தொடக்கம் வரை, டெட்ராய்ட் நிறுவனங்கள் நடுத்தர அளவுக் கார்களில் பெரிய வி8 இன்ஜினைப் பொருத்தி விற்றன. பெரும்பாலும் இளைஞர்கள் வாங்கி விரட்டி ஓட்டினார்கள். இன்ஜினை மாற்றினார்கள், பந்தயத்தில் நொறுக்கினார்கள், மிச்சத்தைத் துரு தின்றது. தொழிற்சாலை பூசிய பெயின்ட்டோடும் அதே இன்ஜினோடும் இன்றுவரை பிழைத்தவை கொஞ்சம்தான். அப்படிப் பிழைத்ததற்குத்தான் விலை.

பலரும் போடும் கணக்கு ஒன்று உண்டு. புதுப்பித்த கார் ஏலத்தில் போன விலையை எடுத்துக்கொண்டு, அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழிப்பது. இதில் செலவு எப்போதும் குறைத்தே மதிப்பிடப்படும். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிச் செய்யும் முழு வேலைக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைப்பு பிடிப்பது சாதாரணம். ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. நேர்மையாகக் கழித்தால் பல கார்களுக்கு விலையே மிஞ்சாது. ஆனாலும் அவை நல்ல விலைக்குப் போகின்றன. புதுப்பித்தலை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம், அசல் நிலை ஒரே தடவைதான் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். கழித்தல் கணக்கில் இது அகப்படுவதில்லை.

எனவே முதல் கேள்வி, கார் உண்மையில் எது என்பது. 1970ஆம் ஆண்டின் செவர்லே செவெல் எஸ்எஸ் 454ஐ எடுத்துக்கொண்டால் இதன் கடினம் புரியும். 454 கன அங்குல இன்ஜின் இரண்டு வகையில் வந்தது: எல்எஸ்5 என்பது 360 குதிரைத்திறன், எல்எஸ்6 என்பது 450. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கார்களும் ஒன்றுபோல இருக்கும். விலையில் மிகப் பெரிய இடைவெளி. அந்த ஆண்டு எஸ்எஸ் என்பது கூடுதல் பணம் கொடுத்துப் பெறும் தொகுப்பு மட்டுமே. வண்டி எண்ணின் தொடக்கத்திலுள்ள 13637 சாதாரண வி8 மாலிபு இரு கதவுக் காருக்கும் எஸ்எஸ்ஸுக்கும் பொது. ஆகவே மாலிபுவை எஸ்எஸ் ஆக்குவது எளிது. அப்படி ஆக்கப்பட்டவை ஏராளம்.

கிரைஸ்லர் கார்களில் இந்தச் சிக்கல் குறைவு. வண்டி எண்ணின் ஐந்தாம் எழுத்தே இன்ஜினைச் சொல்லிவிடும். 1970இல் ‘ஆர்’ என்றால் 426 ஹெமி, ‘வி’ என்றால் 440 சிக்ஸ் பேக். ஃபோர்டில் 1967 முதலான தயாரிப்புப் பதிவுகள் தப்பியிருப்பதால், எந்தக் கார் எந்த வசதிகளோடு வெளியேறியது என்பதை மார்ட்டி ரிப்போர்ட் என்ற ஆவணம் காட்டும். பான்டியாக்குக்கும் அப்படியொரு பதிவுச் சேவை உண்டு. அமெரிக்காவில் விற்ற செவெல்லுக்கு அந்த வசதி கிடையாது. அசெம்பிளி லைனில் தொழிலாளர்கள் பார்த்து வேலை செய்த பில்ட் ஷீட் என்ற தாள், சீட் ஸ்பிரிங்குகளுக்கு நடுவிலோ பெட்ரோல் டேங்குக்கு மேலோ கசங்கிக் கிடந்தால் அதுவே பெரும் சாட்சி. எலி கடித்த அந்தக் காகிதம் புதிய பெயின்ட் வேலையைவிட அதிக விலை பெறும்.

அடுத்த சாட்சி இன்ஜினிலேயே இருக்கிறது. பிளாக்கின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள தட்டையான இடத்தில் எழுத்துகள் குத்தப்பட்டிருக்கும். டி0114சிஆர்வி என்றிருந்தால், டோனவாண்டா ஆலையில் ஜனவரி 14 அன்று பூட்டப்பட்ட, மேனுவல் கியர் எல்எஸ்6 என்று பொருள். காரின் வரிசை எண்ணும் பிளாக்கில் குத்தப்பட்டிருக்க வேண்டும். பிளாக் வார்க்கப்பட்ட தேதி, இன்ஜின் பூட்டிய தேதி, கார் வெளிவந்த காலம் மூன்றும் இந்த வரிசையிலேயே அமைய வேண்டும். போலியாகக் குத்தியவர் எண்களைச் சரியாகப் போட்டுவிடலாம். ஆனால் அந்தத் தளத்தில் தொழிற்சாலை இயந்திரம் விட்டுச்சென்ற மெல்லிய இணைகோடுகளைத் திரும்ப வரைவது கடினம். தேர்ந்த வாங்குபவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து முதலில் தேடுவது அந்தக் கோடுகளைத்தான். விற்பவரும் விலை சொல்லுமுன் அவற்றைத் தெளிவாகப் படமெடுத்து வைப்பது நல்லது.

அடுத்தது தகரம். வினைல் கூரை போட்ட கார்களில் பின் கண்ணாடியின் ஓரத்திலும், எல்லாக் கார்களிலும் கால்வைக்கும் தரை, டிக்கித் தரை, பின் சக்கரத்துக்கு மேலுள்ள பகுதி ஆகியவற்றிலும் துரு ஒளிந்திருக்கும். தொழிற்சாலைப் பெயின்ட் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் தடிமன். அளவுகருவி பல மடங்கு காட்டினால் அங்கே பட்டி பூசியிருக்கிறது. கேமரோ, மஸ்டாங் போன்றவற்றுக்கு ஏறக்குறைய எல்லாத் தகரமும் புதிதாகக் கிடைப்பதால் துரு விலையை ஓரளவே குறைக்கும். உதிரிபாகம் அரிதான மாடலில் அதே துரு விலையைப் பாதியாக்கிவிடும். மங்கிய அசல் பெயின்ட், தேய்ந்த சீட் இவற்றைக் குறையாகக் கணக்கிட வேண்டாம். விற்பதற்கு முன் பானட்டுக்கு அடியில் அவசரமாக அடித்த கறுப்பு ஸ்பிரே பெயின்ட்தான் உண்மையான குறை. புதுப்பித்த கார் என்றும் அதைச் சொல்ல முடியாது. கைபடாதது என்றும் சொல்ல முடியாது.

ஓடுமா என்பது தனிக் கேள்வி. ‘நிறுத்தும்போது ஓடியது’ என்ற பேச்சுக்குச் சந்தையில் மதிப்பில்லை. இன்ஜின் இறுகவில்லை என்பதைக் கையால் சுற்றிக் காட்டலாம். பிரேக், டேங்க், டயர்கள் எல்லாம் மாற்ற வேண்டும் என்றே கணக்கில் வைக்க வேண்டும்.

ஒப்பிட எடுக்கும் விலைகளிலும் கவனம் தேவை. 2020 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் கிஸ்ஸிமியில், ‘புல்லிட்’ படத்தில் ஓடிய 1968 மஸ்டாங், புதுப்பிக்கப்படாத நிலையிலேயே 37.4 லட்சம் டாலருக்குப் போனது. சுத்தியல் விழுந்த விலை 34 லட்சம். மீதி, வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குச் செலுத்திய 10 சதவீதக் கட்டணம். அது சினிமாப் புகழின் விலை. வேறு எந்த மஸ்டாங்குக்கும் அளவுகோல் ஆகாது. ஆனால் கட்டணக் கணக்கு பெரும்பாலான ஏல முடிவுகளுக்கும் பொருந்தும். ஹாகர்ட்டி போன்ற விலைக் கையேடுகள் நிலையை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கின்றன. புதுப்பிக்காத கார் பொதுவாக 3 அல்லது 4இல் விழும். ஆனால் அந்தத் தரம் தோற்றத்தையும் இயக்கத்தையும் அளப்பது. அசல்தன்மைக்கு மேலே சேர்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே அந்தத் தரத்தின் விலையில் தொடங்கி, ஆவணமும் அசல் இன்ஜினும் இருந்தால் ஏற்றி, இல்லையென்றால் தயங்காமல் இறக்கி, ஒரு எண்ணுக்கு வரலாம். அதன் மேல் பேரத்துக்காகச் சுமார் 5 முதல் 10 சதவீதம் வைப்பது போதும். முப்பது சதவீதம் ஏற்றிச் சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் கூப்பிடவே மாட்டார்கள். மாதக்கணக்கில் விற்காமல் நிற்கும் கார் பிறகு சரியான விலைக்கு வந்தாலும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும். குறைத்துச் சொன்னால் அன்று மாலையே வாங்கி, மறு மாதம் விற்பவர் கையில் போய்ச் சேரும். ஒருவரையொருவர் அறியாத இரண்டு தேர்ந்த வாங்குபவர்கள் நேரில் வந்து பார்த்து ஏறக்குறைய ஒரே தொகையைச் சொன்னால், விற்பவர் அதையே அந்தக் காரின் விலையாக ஏற்கலாம்.