டர்போவும் ஒரு திருகும்

1990-இல் டொயோட்டா தன் லேண்ட் குரூசர் வண்டிகளுக்கு இரண்டு டீசல் எஞ்சின்களைக் கொண்டுவந்தது. இரண்டும் ஆறு சிலிண்டர், 4.2 லிட்டர். சிலிண்டரின் விட்டம் 94 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 100 மில்லிமீட்டர் என்பதுகூட இரண்டுக்கும் பொது. 1எச்இசட் என்ற எஞ்சினில் டர்போ இல்லை. 1எச்டி-டி என்ற எஞ்சினில் கம்பெனியே டர்போ பொருத்தி அனுப்பியது. முதலாவதில் ஒரு டர்போவை மாட்டிவிட்டால் இரண்டாவது கிடைத்துவிடும் என்று யாருக்கும் தோன்றும். ஆஸ்திரேலியாவில் டர்போ கிட் விற்கும் தொழில் ஒன்று இந்தத் தோற்றத்தை நம்பியே வளர்ந்தது.

1எச்இசட் வைத்திருப்பவரின் குறை நியாயமானதுதான். அங்கு விற்ற வண்டியில் அது தருவது 96 கிலோவாட், 285 நியூட்டன் மீட்டர். வண்டியே இரண்டு டன்னுக்கு மேல். அதன் தலையில் கூடாரம், உள்ளே தண்ணீர்த் தொட்டி, பின்னால் ஒரு கேரவன் என்று ஏற்றிக்கொண்டு மலைச்சாலை ஏறினால் மூன்றாவது கியரில் முனகிக்கொண்டே போக வேண்டும். பின்னால் வரும் லாரிக்காரர் பொறுமை இழப்பார். டீசல் எஞ்சினில் காற்றைத் தடுக்கும் கதவு கிடையாது. மிதியை அழுத்தும்போது கூடுவது எரிபொருள் மட்டுமே. உள்ளே இருக்கும் காற்றால் எரிக்க முடிந்த அளவைத் தாண்டினால் மிச்சம் கரும்புகையாக வெளியேறும். வீணாகப் போகும் புகையின் வேகத்தைக் கொண்டே கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ, இந்தக் குறைக்குச் சரியான மருந்து. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சிக்கல் எஞ்சினின் வயிற்றுக்குள் இருக்கிறது. 1எச்இசட் டீசலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சுவதில்லை. டீசல் ஹெட்டில் உள்ள ஒரு சிறு அறையில் எரிய ஆரம்பித்து, அங்கிருந்து தீ சிலிண்டருக்குள் பாய்கிறது. அந்த அறையின் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால் குளிர்ந்த காலையில் எஞ்சின் எழுந்திருக்க காற்றை மிக இறுக்கமாக அமுக்க வேண்டும். ஆகவே அதன் அழுத்த விகிதம் 22.4. நேரடியாகப் பீய்ச்சும் 1எச்டி-டியில் அது 18.6 மட்டுமே. டர்போ திணிக்கும் காற்றுக்காக டொயோட்டா முன்கூட்டியே இடம் விட்டது. பிஸ்டன், ஹெட், டீசல் பம்ப் என எல்லாவற்றையும் மாற்றியது. ஏற்கெனவே இறுக்கி அமுக்கும் எஞ்சினுக்குள் இன்னும் காற்றைத் திணித்தால் உச்ச அழுத்தமும் சூடும் சேர்ந்து ஏறுகின்றன. டர்போ மாட்டிய 1எச்இசட்டுகளில் பிஸ்டன் வெடிப்பதும் ஹெட்டில் விரிசல் விழுவதும் மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன காட்சி.

இத்தனைக்குப் பிறகும், குற்றவாளி டர்போதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஏழெட்டு பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிறுத்தி, டீசலைக் கொஞ்சமாக மட்டும் கூட்டிய 1எச்இசட் நன்றாகவே ஓடும். அதே சுமையை அதே அளவு டீசலில் இழுக்கும்போது காற்று கூடுதலாக இருப்பதால் புகையின் வெப்பநிலை குறையவும் செய்யும். பெட்ரோல் எஞ்சினில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கே எரிபொருள் குறைந்து காற்று மிஞ்சினால் ஆபத்து, இங்கே காற்றுக்கு மிஞ்சி டீசல் போனால் ஆபத்து. டீசல் பம்பில் ஒரு திருகு இருக்கிறது. அதைச் சற்றே உள்ளே திருகினால் முழு மிதியில் போகும் டீசல் கூடும், இழுவை உடனே தெரியும், செலவு ஏதுமில்லை. கிட் பொருத்திய பட்டறை அளவாக வைத்துக் கொடுத்ததை, அடுத்த விடுமுறைப் பயணத்துக்கு முன் வண்டிக்காரரே இன்னும் கால் சுற்று திருகுகிறார். எஞ்சின் அந்தக் கால் சுற்றில்தான் போகிறது.

1எச்டி-டியின் பம்பில் இதற்கு ஒரு காவல் உண்டு. டர்போ அழுத்தம் வந்த பிறகே கூடுதல் டீசலை விடும் ஓர் அமைப்பு அது. சாதாரண 1எச்இசட் பம்பில் அது இல்லை. திருகைத் திருப்பினால் டர்போ சுழன்று எழுவதற்கு முன்பே முழு டீசலும் கொட்டும். அந்தக் காவலைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். மலிவான கிட்டில் முதலில் விட்டுப்போவதும் இதுவே.

விளம்பரங்கள் காட்டும் டைனோ (திறனை அளக்கும் கருவி) அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைனோவில் வண்டி முழு மிதியில் ஓடுவது சில நொடிகள். அந்த நொடிகளில் கிடைத்த உச்ச எண்ணை அச்சடித்துத் தருகிறார்கள். கேரவனை இழுத்துக்கொண்டு ஏறும் மேட்டில் அதே மிதி நிமிடக் கணக்கில் நீடிக்கும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும் உலோகம். அதைவிடச் சூடான தீக்குக் கீழே பிஸ்டன் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், தீ கணநேரமே இருப்பதும் இடையில் காற்றும் எண்ணெயும் சூட்டை எடுத்துச் செல்வதும்தான். நீண்ட மேட்டில் அந்தக் கணக்கு மெல்லத் தவறுகிறது. டர்போவுக்கு முன்னால் குழாயில் பொருத்திய வெப்பமானி ஒன்றுதான் அதை ஓட்டுநருக்குச் சொல்லும். உச்சத் திறனை மட்டும் காட்டி வெப்பநிலையைக் காட்டாத அட்டையை நான் பாதி விடைத்தாளாகவே மதிப்பேன்.

பிறகு வரும் செலவுகள் தெரிந்தவையே: 285 நியூட்டன் மீட்டருக்கு அளந்த கிளட்ச் வழுக்கும், கியர்பாக்ஸ் முணுமுணுக்கும், காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும். வண்டி மாற்றங்களுக்கான வி.எஸ்.பி. 14 என்ற ஆஸ்திரேலியத் தேசிய நெறிமுறையில் டர்போவும் அடங்கும்.

1எச்இசட்டின் புகழே இந்த வியாபாரத்தில் ஒரு சரக்கு. ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் ஆண்டுக்கணக்கில் வாங்கிய, மட்டமான டீசலிலும் ஓடிய எஞ்சின் அது. ஆனால் அந்தப் பெயரைச் சம்பாதித்தது டர்போ இல்லாத, சோம்பேறியான எஞ்சின். கிட் விற்பவர் அந்த உறுதியையும் சேர்த்து விற்கிறார். அது அவரிடம் இல்லாத பொருள்.

கம்பெனி டர்போ என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பதும் பொய். 1எச்டி-டியின் கனெக்டிங் ராட் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சினையே காவு வாங்கிய கதைகள் ஏராளம். பழைய வண்டி வாங்குபவர்கள் முதலில் அவற்றை மாற்றிவிடுவார்கள். நிசான் பேட்ரோலில் வந்த மூன்று லிட்டர் இசட்டி30 முழுக்க முழுக்கக் கம்பெனி டர்போ. பிஸ்டன் உருகி நின்ற வண்டிகளால் அதற்கு 'கையெறிகுண்டு' என்றே பட்டப்பெயர். அதே பேட்ரோலின் பழைய 4.2 லிட்டர் டிடி42, வெளியில் வாங்கி மாட்டிய டர்போவை 1எச்இசட்டை விட நன்றாகத் தாங்கியது. நிசானே டர்போவுடன் விற்ற டிடி42-இலும் அதே சிறு அறை எரிப்பு முறைதான். கம்பெனிக்கும் வெளிப் பட்டறைக்கும் இடையே தூரம் அங்கே குறைவு. கம்பெனியா வெளியா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த எஞ்சின் என்று கேட்க வேண்டும்.

வெளி டர்போவுக்குப் பாலைவனத்தில் ஒரு நன்மை உண்டு. கணினி இல்லாத பம்புள்ள எஞ்சினில் மாட்டிய டர்போ நின்றுபோனால், எண்ணெய் உள்ளே கசியாத வரை, வண்டி பழைய மந்தமான 1எச்இசட்டாகவே ஊர் வந்து சேரும். மின்னணு எஞ்சின்கள் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை.

கையில் நல்ல நிலையில் ஒரு 1எச்இசட் இருந்தால், அளவான அழுத்தமும் வெப்பமானியும் வைத்து டர்போ பொருத்துவதை நான் ஆதரிப்பேன். டர்போ மாட்டுவதற்கென்றே ஒரு 1எச்இசட் தேடி வாங்குவது வீண் செலவு. 2001 முதல் 2007 வரை ஆஸ்திரேலியாவில் விற்ற 70 வரிசை லேண்ட் குரூசரில், 1எச்டி-டியின் வழிவந்த டர்போ எஞ்சின், டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் இல்லாமல் 122 கிலோவாட், 380 நியூட்டன் மீட்டர் தந்தது. அதே எஞ்சினுக்கு 100 வரிசையில் இண்டர்கூலர் வைத்து 151 கிலோவாட், 430 நியூட்டன் மீட்டர் எடுத்தது டொயோட்டாவேதான். பண்ணை வண்டியில் கம்பெனி விட்டுவைத்த அந்த இடைவெளியை, ஓர் இண்டர்கூலரும் நிதானமான ட்யூனிங்கும் கொண்டு நிரப்புவதே வெளிப் பட்டறையின் கைவேலைக்கு மிகப் பொருத்தமான இடம். அங்கே எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்பதைக் கம்பெனி ஏற்கெனவே சோதித்துக் காட்டிவிட்டது.